விஜயந்தாவின் கைப்பிடி

காலை பத்து மணிக்கு வங்கிக் கதவைத் தள்ளித் திறப்பது அந்தோணிதாஸின் வேலை. அதற்குள் கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் அறுபது பேராவது நின்றுகொண்டிருப்பார்கள். நகைக் கடனுக்கு வந்தவர்கள், முதியோர் உதவித்தொகைக்கு வந்தவர்கள், கூட்டத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று தெரிந்துகொள்ள நின்றவர்கள். "டோக்கன் எடுத்துக்கினு உக்காருங்க" என்ற ஒரே வரியை அவர் ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்கிறார். தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கி. பதினொரு ஆண்டுகளில் அதால் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. துடைத்து எண்ணெய் போடுவதோடு சரி. மாலை ஐந்தரைக்கு இரண்டு முழங்கால்களும் தனித்தனியாக வலிக்கும்.

ஐம்பத்தெட்டு வயதில் இந்த மனிதர் காத்திருந்தது ஓர் அட்டைப்பெட்டிக்கு. பெட்டிக்குள் சாம்பல் நிற பிளாஸ்டிக் துண்டுகள் அறுநூறுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசினால் ஒரு சாண் நீளத்தில் ஒரு டாங்கி வரும். நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு.

அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஏற்கெனவே பதினாறு டாங்கிகள் நின்றன. எல்லாம் ஜெர்மனி, ரஷ்யா, அமெரிக்கா. எதையும் அவர் நேரில் தொட்டதில்லை. தொட்டது விஜயந்தாவை. ஆவடியில் கட்டப்பட்ட அந்த டாங்கியோடுதான் ராணுவத்தில் மெக்கானிக்காகப் பதினேழு ஆண்டுகள் கழித்தார். ஜெர்மன் டாங்கி ஒன்றை ஐம்பது விதமாகப் போடும் கம்பெனிகள், விஜயந்தாவை அந்த அளவில் ஒழுங்காக ஒருமுறைகூடப் போட்டதாக அவருக்குத் தெரியாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஒரு சின்னக் கம்பெனி, போடப் போகிறோம் என்று அறிவித்தது. செய்தியை அனுப்பியவர் சிவசங்கர். நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், இதே பைத்தியம் பிடித்தவர். வங்கிக் கதவருகே நின்று அதைப் படித்த அந்தோணிதாஸ், அடுத்து வந்த மூன்று பேருக்கு டோக்கன் எடுக்கச் சொல்ல மறந்துபோனார்.

மாவட்டத்தில் இந்தப் பைத்தியம் மொத்தம் மூன்று பேருக்கு. மூன்றாமவர் வெங்கடேசன். உளுந்தூர்பேட்டையில் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். கல்லாவுக்குப் பின்னால், ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே, அவருடைய டாங்கிகள் நிற்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு, சாப்பாட்டுக் கூட்டம் வடிந்த பிறகு மூவரும் அங்கே கூடுவார்கள்.

முதல் ஆண்டு உற்சாகமாகப் போனது. இரண்டாம் ஆண்டு அந்தோணிதாஸின் வலது கட்டை விரல் நடுங்க ஆரம்பித்தது.

அதை முதலில் கவனித்தவர் அவர் மனைவி உபகாரமேரி. கல்வராயன் மலையில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். தினமும் காலையில் வெள்ளிமலை பஸ் ஏறி, வளைவு வளைவாக மேலே போய், மாலையில் அதே வளைவுகளில் இறங்கி வருகிறவர். ஒருநாள் டீ தம்ளர் தட்டில் படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்தார்.

"இன்னாங்க, எத்தினி நாளா?"

"குளுருல."

"மே மாசத்துல இன்னா குளுரு? கைய நீட்டுங்க."

டாக்டர் மாத்திரை எழுதினார். நடுக்கம் கூடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது என்றார். அன்றிலிருந்து அந்தோணிதாஸுக்கு ஒரே கணக்கு. பெட்டி வந்து கட்டி முடிக்க நாலு மாதம் ஆகும். சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலி மட்டுமே ஒரு பக்கத்துக்கு நூறு கண்ணிக்குப் பக்கம். ஒவ்வொன்றும் அவரைக்கொட்டையில் பாதி. பெட்டி முந்துமா, கை முந்துமா?

மூன்றாம் ஆண்டு கம்பெனி கணினி வரைபடங்களை இணையத்தில் போட்டது. இதற்கு ஒரு வழக்கம் உண்டு. அச்சு வெட்டுவதற்கு முன் கம்பெனிக்காரர்கள் வரைபடத்தைக் காட்டுவார்கள். உலகம் முழுக்க இருக்கும் ஆட்கள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, அந்த ஆணி இங்கே இல்லை, இந்த விளக்கு அரை அங்குலம் தள்ளி என்று பிழை பிடிப்பார்கள். பிழை சொன்னவர் சரியாகச் சொன்னால் அவருக்கு மரியாதை. வேறு எதுவும் கிடையாது. ஆனாலும் அதற்காக அடித்துக்கொள்வார்கள்.

வெங்கடேசன் கடையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மூவரும் பார்த்தார்கள். அந்தோணிதாஸ் படத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பச் சொன்னார். முன்பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"பிடி எங்க?"

"எந்தப் பிடிண்ணே?" என்றார் சிவசங்கர்.

"டிரைவர் ஏறி எறங்குற மூடி இருக்குதில்ல, அதுக்குப் பக்கத்துல ஒரு இரும்புப் பிடி இருக்கும். அத்தப் புடிச்சிக்கினுதான் வெளிய வருவாங்க. எத்தினி வாட்டி என் கையே பட்டிருக்குது. போட மறந்துட்டானுங்க."

"ஒரு பிடிதானே" என்றார் வெங்கடேசன். "வுடு. கம்பிய வளைச்சி நாமளே ஒட்டிக்கலாம்."

விடவில்லை. நீளம், உயரம், மூடியிலிருந்து எத்தனை விரற்கடை என்றெல்லாம் அந்தோணிதாஸ் சொல்லச் சொல்ல, சிவசங்கர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். கம்பெனியிலிருந்து மூன்றாம் நாளே பதில் வந்தது. அந்த வண்டியைக் கையால் தொட்டு வேலை பார்த்த ஒருவர் எழுதியதில் பெருமை, பிடியைச் சேர்க்கிறோம், இன்னும் சிலர் வேறு குறைகளும் சொல்லியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருப்பதால் வெளியீடு பத்து மாதம் தள்ளிப்போகிறது.

இணையத்தில் பெரிய அழுகை. எவனோ இந்திய மெக்கானிக்காம், ஓர் அரிசி நீளக் கம்பிக்காக ஒரு வருஷம் போச்சு என்று ஒருவர் எழுதியிருந்தார். சிவசங்கர் அதைப் பிரதி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தோணிதாஸ் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

"வாய மூடிக்கினு இருந்திருந்தா டப்பா இந்நேரம் கையில" என்றார் வெங்கடேசன்.

"தப்பா இருக்குற டப்பா" என்றார் அந்தோணிதாஸ். சொல்லும்போது கையை மேசைக்கு அடியில் வைத்திருந்தார்.

பத்து மாதம் பதினொன்றானது. வங்கியில் கூட்டம் குறையவில்லை. வீட்டில் பயிற்சிக்காக ஒரு பழைய ஜீப் கிட்டைப் பிரித்து உட்கார்ந்தார். இடுக்கியிலிருந்து துண்டுகள் தெறித்துத் தரையில் விழுந்தன. அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: துண்டு விழுந்துவிட்டால், அது கிடைக்கும்வரை துடைப்பத்தை யாரும் எடுக்கக் கூடாது. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை வந்த இந்தத் தடை இப்போது தினசரி வந்தது.

"மலைக்கிப் போயிட்டு வந்து, என் வூட்டப் பெருக்க உங்ககிட்ட உத்தரவு வாங்கணும்" என்பார் உபகாரமேரி. பிறகு அவரும் முட்டி போட்டு, கைபேசி வெளிச்சத்தில் கட்டிலுக்கு அடியில் தேடுவார்.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. வரைபடம் முடிந்தது. மூன்று வாரத்தில் இரும்பு அச்சை வெட்ட ஆரம்பிக்கிறோம். கிட்டோடு வரும் கையேட்டில் உங்கள் பெயரைப் போட்டு நன்றி சொல்ல விரும்புகிறோம். அந்தப் பிடி தெரிகிற மாதிரி பழைய போட்டோ ஒன்று கிடைக்குமா?

அந்தோணிதாஸிடம் போட்டோ இல்லை. சிவசங்கர் தேடினார். ஓய்வு பெற்ற விஜயந்தாக்கள் நாட்டில் பல ஊர்களில் பூங்காவிலும் ரவுண்டானாவிலும் நிற்கின்றன. முதல் படத்தில் பிடி இல்லை.

"பார்க்குல வெக்கிறப்ப அறுத்துட்டிருப்பாங்க. பசங்க புடிச்சி ஏறுவானுங்கன்னு" என்றார் அந்தோணிதாஸ்.

இரண்டாவது படத்திலும் இல்லை. மூன்றாவதில் டாங்கியே கம்பி வேலிக்குள் இருந்தது. எந்தப் பையனும் ஏற முடியாது. அதிலும் இல்லை.

"அதுவும் அறுத்ததா?" என்றார் சிவசங்கர்.

அந்தோணிதாஸ் அடுத்த படத்தைத் திறக்கச் சொன்னார். நான்காவது படம் அணிவகுப்பில் எடுத்தது. பெயின்ட் பளபளக்கும் புது டாங்கி. டிரைவர் மூடிக்குப் பக்கத்தில் மொழுமொழுவென்று வெறும் இரும்பு.

ஜெராக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. வக்கீல் குமாஸ்தா ஒருவர் பத்திரத்தோடு வந்து, இரண்டு பக்கமும் எடுக்கச் சொன்னார். அவர் போகும்வரை அந்தோணிதாஸ் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் பிடித்து ரிஷிவந்தியம் போனார். அங்கே காசிநாதன் இருந்தார். அந்தோணிதாஸ் இருந்த ரெஜிமென்ட்டிலேயே விஜயந்தா ஓட்டியவர். பட்டாளத்தில் மூத்த டிரைவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது ஆண்டுகள் கழிந்தும் அந்தோணிதாஸுக்கு வேறு வார்த்தை வரவில்லை. காசிநாதன் கரும்பு வயல் மோட்டார் கொட்டகைக்கு வெளியே, தன் உடம்புக்குப் போதாத ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உஸ்தாத், வண்டில டிரைவர் மூடிக்கிட்ட ஒரு பிடி இருக்குமே."

காசிநாதன் சிரித்தார். மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டும் கட்டிய பற்கள்.

"இருக்குமாவா? டேய் தாஸு, அது என் பிடிடா. பபீனா கேம்ப்புல மழையில எறங்குறப்ப வழுக்கி வுயுந்து ரெண்டு பல்லு போச்சில்ல? நம்ம மேஜர் பார்த்துட்டு, இந்தத் தடியனுக்கு ஒரு கைப்பிடி வெச்சிக் குடுங்கன்னு சொன்னாரு. கூடார முளைய வளைச்சி வெல்டு வெச்சாங்க. அத்தப் பார்த்துட்டு மத்த டிரைவருங்க, எனுக்கும் வோணும், எனுக்கும் வோணும்னு ஒரே கலாட்டா. நம்ம ஸ்குவாட்ரன்ல பதினாலு வண்டிக்கும் வெச்சாச்சி."

"பதினாலுக்கு மட்டுமா?"

"பின்ன? ஆவடில என் பல்லப் பத்தி யாருக்குத் தெரியும்?" காசிநாதன் தொடையில் தட்டிக்கொண்டார். "கடைசி நாலு வண்டிக்கு நீதான வெல்டு வெச்ச! வந்து ஒரு மாசங்கூட ஆவல ஒனுக்கு. கண்ணாடி போடாம வெச்சிட்டு, கண்ணு ரெண்டும் வீங்கிக்கினு, ரெண்டு நாளு படுத்துக்கினு கெடந்தியே. நாந்தான ரொட்டியப் பிச்சி வாயில போட்டேன்."

கண் வீங்கியது ஞாபகம் இருந்தது. ரொட்டிகூட ஞாபகம் இருந்தது. எதை வெல்டு வைத்தார் என்பதுதான் இல்லை. உடைந்த பிடியைத் திரும்ப ஒட்டியதாகவே இத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தார். அந்தப் பதினாலு வண்டிகளோடு நான்கு ஆண்டுகள் இருந்தார். பிறகு எஞ்சின் பணிமனைக்கு மாற்றினார்கள். அங்கே எஞ்சின் மட்டும்தான் வரும். முழு டாங்கியை அவர் அதன்பின் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்த விஜயந்தாக்கள் பதினாலு. அவற்றை வைத்து உலகத்தின் எல்லா விஜயந்தாவையும் அளந்துவிட்டார்.

"இன்னாடா மூஞ்சி செத்துப்போச்சி? பிடி ஆடுதா?"

"இல்ல உஸ்தாத். கெட்டியாத்தான் இருக்குது."

திரும்பி வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். மேலே கம்பியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. பஸ் குலுங்குவதால் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய், எல்லாவற்றையும் சொல்லி, கம்பெனிக்கு எழுது என்றார். சிவசங்கர் கதவைப் பாதி இழுத்து விட்டார்.

"அண்ணே, கொஞ்சம் யோசிங்க. இது தெரிஞ்சவங்க உலகத்துலயே மூணு பேரு. நீங்க, நானு, அந்த உஸ்தாத்து. அவரு கரும்புக்குத் தண்ணி வுட்டுக்கினு இருக்காரு. வாய் தொறக்க மாட்டாரு. இப்ப எழுதுனா திரும்பவும் தள்ளிப் போடுவான். உங்க கை..."

"தெரியும்."

"ஒரு அரிசி நீளம்ணே."

"கொரியாவுல எவனோ ஒருத்தன் அந்த அரிசிய எடுத்து, மூச்சப் புடிச்சிக்கினு, கோணாம ஒட்டுவான்டா. நாம ஒட்டுற மாதிரியே. இல்லாத பிடிய. ஆவடில இருந்து வந்ததா நெனச்சிக்கினு ஒட்டுவான். நான் சொன்னேன்னு." அந்தோணிதாஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். "காலு வலிக்குதுடா. சீக்கிரம் எழுது. என் பேரையும் எடுத்துடச் சொல்லு."

சிவசங்கர் எழுதினார். அனுப்புவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தோணிதாஸ் தலையாட்டினார்.

பதில் வர எட்டு நாள் ஆனது. அச்சின் அந்தப் பகுதியை முன்கூட்டியே வெட்டிவிட்டார்கள். பிடியைச் செருகுவதற்கான இரண்டு குழிகள் மேல்தட்டில் வந்துவிட்டன. அச்சைத் திருத்தி அவற்றை அடைக்க வேண்டும். ஏழு மாதம். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று ஒரு வரியும், அதற்குக் கீழே கையெழுத்தும். முதல் கடிதத்தில் இருந்த பெருமை இதில் இல்லை.

இணையத்தில் என்ன எழுதினார்கள் என்பதைச் சிவசங்கர் இம்முறை பிரதி எடுக்கவில்லை. மாதக் கூட்டத்துக்கு அந்தோணிதாஸ் வந்ததும் வெங்கடேசன் மட்டும், "வாங்க, பிடி மேஸ்திரி" என்றார். சாப்பாட்டில் ஓர் ஆம்லெட்டும் கூடுதலாக வைத்தார்.

அந்த ஏழு மாதத்தில் நடுக்கம் கட்டை விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. வங்கியில் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டார். ஒருநாள் மேலாளர் அழைத்து, அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். யோசிப்பதற்கு இருவரிடமும் எதுவும் இல்லை. அந்தோணிதாஸ் வெளியே வந்து, "டோக்கன் எடுத்துக்கினு உக்காருங்க" என்றார்.

பெட்டி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வங்கி முகவரிக்குத்தான் வரச் சொல்லியிருந்தார். கூட்டத்துக்குள் கூரியர்க்காரர் நுழைய, அவரையும் டோக்கன் எடுக்கச் சொல்லிவிட்டார் அந்தோணிதாஸ்.

ஞாயிறு இரவு சாப்பாட்டு மேசையில் பழைய தினசரியை விரித்துப் பெட்டியைத் திறந்தார். கையேட்டைப் புரட்டினார். அவர் பெயர் இல்லை. மேல்தட்டுத் துண்டை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணருகே கொண்டுபோனார். டிரைவர் மூடிக்குப் பக்கத்தில் இரண்டு வட்டத் தழும்புகள். அச்சில் குழியை அடைத்த தடம், விரல் வைத்தால்தான் தெரியும். உலகம் முழுக்க இந்தப் பெட்டியை வாங்கியவர்கள் அந்த இரண்டு வட்டங்களையும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள், திட்டிக்கொண்டே.

சங்கிலிக் கண்ணியில் ஆரம்பித்துப் பார்த்தார். முதல் கண்ணியை எடுத்தார். இரண்டாவதை அதன் பக்கத்தில் கொண்டுவந்தார். சேரவில்லை. கால் மணி நேரம் கழித்தும் சேரவில்லை. இரண்டையும் தினசரியின் மேல் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்.

துணி மடித்துக்கொண்டிருந்த உபகாரமேரி வந்து எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மலைமேல் வயிற்றுப்போக்குக் குழந்தைகளுக்கு நரம்பு தேடி ஊசி ஏற்றுகிற கை. கண்ணிகளை எடுத்தார், சேர்த்தார், பசை வைத்தார்.

"இப்பிடியா?"

"தலகீழா வெச்சிட்ட."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" பிரித்துத் திருப்பி வைத்தார். "பத்து தான். பத்து ஒட்டிட்டு நான் படுக்கணும். நாளைக்கி கேம்ப் இருக்குது."

அவர் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தோணிதாஸ் ஒரு பழைய ஒயரை உரித்து, செம்புக் கம்பியில் ஓர் அரிசி நீளம் வெட்டினார். இரண்டு முனையையும் வளைத்தார். வளைந்தது. தழும்பு இருந்த இரண்டு இடங்களிலும் கைத்துரப்பணத்தால் துளை போட்டார். தழும்பு இருந்ததால் அளக்க வேண்டியிருக்கவில்லை.

"அது இன்னா?"

"காசிநாதன் உஸ்தாத்து பல்லு."

கம்பியை இடுக்கியில் எடுத்துத் துளைக்கு நேரே கொண்டுபோனார். கை ஆடியது. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்தார். இரண்டும் சேர்ந்து ஆடின. கம்பி டிக் என்று தெறித்துப் போனது.

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"நீ பத்த முடி" என்றார் அந்தோணிதாஸ். "நான் தேடிக்கிறேன்." மேசையின் காலைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு முழங்காலையும் பிறகு மற்றதையும் தரையில் ஊன்றினார்.

உபகாரமேரி எழுந்துபோய், மூலையில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, எட்டாவது கண்ணியைக் கையில் எடுத்தார்.